கசியும் கலிங்கு: மீன்தொட்டியின் ஒழுகலுக்கு ஒரு வரலாறு



ஏரி நிரம்பும்போது மிகைநீர் கரையை உடைத்துக்கொண்டு பாயாமல், குறிப்பிட்ட ஓரிடத்தில் அமைதியாக வழிந்து வெளியேறும்படி நம் முன்னோர் கட்டிவைத்த அமைப்புக்குக் கலிங்கு என்று பெயர். சில வட்டாரங்களில் மறுகால் என்றும் சொல்வர். ஏரிப் பாசனத்தை விட்டுக் கடல்கடந்து வந்து நான்கைந்து தலைமுறைகள் ஆகிவிட்ட நம்மவர் பலருக்கு இச்சொல் மறந்தே போயிற்று. எனினும், மீன் வளர்ப்போர் 'ஓவர்ஃபுளோ பாக்ஸ்' என்று அழைக்கும் பெட்டிக்குத் தமிழில் பெயர் தேடியபோது எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிட்டவில்லை. ஆகவே இக்கட்டுரையில் அதைக் கலிங்குப் பெட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

அதன் அமைப்பு எளிது. தொட்டியின் கண்ணாடியில் வட்டமாகத் துளையிட்டு, அத்துளையை மறைத்தாற்போல் உட்புறம் ஒரு பெட்டியை நிறுத்துவர். பெட்டியின் மேல்விளிம்பு சீப்பின் பற்களைப்போல் வெட்டப்பட்டிருக்கும். மேல்மட்ட நீர் மட்டும் அப்பற்களினூடே வழிந்து பெட்டிக்குள் விழும். மீன்கள் வெளியே நிற்கும். பெட்டிக்குள் விழுந்த நீர் துளைவழியே குழாயில் இறங்கிக் கீழறையிலுள்ள சம்ப் என்னும் தொட்டியை அடையும். அங்கே தூய்மை பெற்றுப் பம்பின் உதவியால் மீண்டும் மேலே ஏறும். இரவு பகலாக இச்சுழற்சி நடந்துகொண்டே இருக்கும்.

நீரைத் தாங்குவதற்கென்றே செய்த கண்ணாடியில் மனிதன் ஏன் வலிந்து துளையிட்டான்? இட்ட துளை ஒழுகும்போது என்ன செய்கிறான்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடப்போனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டியுள்ளது.

பிரான்சில் பிறந்து, ஆடை தைக்கும் தொழிலில் தொடங்கி, பின்னர் இத்தாலியின் சிசிலித் தீவில் குடியேறிய ஜான் வில்ப்ரூ-பவர் என்னும் பெண்மணி, 1832ஆம் ஆண்டு முதல் கண்ணாடித் தொட்டிகளில் கடலுயிர்களை வைத்து ஆராய்ந்தார். ஆர்கோனாட்டா என்னும் எண்காலி இனம் தன் ஓட்டைத் தானே ஆக்கிக்கொள்கிறதா, வேறோர் உயிரிடமிருந்து கவர்ந்துகொள்கிறதா என்பது அன்றைய அறிஞர்களிடையே பெரும் வழக்காக இருந்தது. தொட்டிக்குள் வளர்த்துக் கண்ணாரக் கண்டு, தானே ஆக்கிக்கொள்கிறது என்று மெய்ப்பித்தவர் இவரே. அவருடைய தொகுப்புகளில் பெரும்பகுதி கப்பலோடு கடலில் மூழ்கிப்போனது. அவர் பெயர் நெடுங்காலம் பலருக்கும் தெரியாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பெண் என்பது மற்றொரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

1850ஆம் ஆண்டு இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் தம் ஆய்வைக் கெமிக்கல் சொசைட்டியின் முன் வைத்தார். பொன்மீன், வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றும் ஒரு தொட்டியில் ஒன்றையொன்று வாழவைக்கும் என்பது அவர் கண்டது. செடி உயிர்வளி தரும். அழுகும் இலையை நத்தை உண்ணும். நீரை மாற்றவே வேண்டியதில்லை. 1853ஆம் ஆண்டு இலண்டன் விலங்குக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கென முதல் 'மீன் இல்லம்' திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி காஸ், 1854இல் எழுதிய நூலின் வழியாக 'அக்குவேரியம்' என்ற சொல்லை வீடுதோறும் கொண்டுசேர்த்தார். அதன்பின் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் மீன்தொட்டி மோகம் தலைவிரித்தாடியது.

ஆனால் தொட்டி ஒழுகியது!

அக்காலத் தொட்டி இரும்புச் சட்டமும் கண்ணாடிச் சுவரும் கற்பலகை அடித்தளமும் கொண்டது. கண்ணாடியையும் சட்டத்தையும் இணைத்தது, ஆளி விதை எண்ணெயில் குழைத்த சுண்ணத்தூளும் ஈயச் சேர்மங்களும் கலந்த மக்கு. ஈயமோ நஞ்சு. ஆகவே புதிய தொட்டியில் வாரக்கணக்கில் நீரை நிரப்புவதும் கொட்டுவதுமாக இருந்து, நஞ்சு கரைந்து தீர்ந்தது என்று நம்பிய பிறகே மீனை விடுவர். சிலர் மக்கின்மேல் அரக்குக் கரைசல் பூசினர். அவ்வளவு பாடுபட்டும், தொட்டியை ஒருமுறை முற்றாக வடித்துக் காயவிட்டால் மக்கு வறண்டு சுருங்கும். மறுபடி நீர் ஊற்றும்போது மூலையில் துளிர்க்கும். நிறைந்திருக்கும் தொட்டியில் நீரின் அழுத்தமே கண்ணாடியைச் சட்டத்தோடு நெருக்கி வைத்திருந்தது. அதனால் ஒழுகாத பழந்தொட்டியைக் காயவிடாதே என்பது மீன் வளர்ப்போரிடையே பல தலைமுறை நிலைத்த அறிவுரை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பெர்லினுக்குப் போகும்போது தேவைப்படும்.

வாரிங்டனின் நீர் மாற்றாத் தொட்டி சிறிய அளவில் மட்டுமே செல்லுபடியானது. உயிர்கள் பெருகினால் நீர் கெட்டது. இவ்விடத்தில்தான் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு என்பவர் வருகிறார். புத்தகம் கட்டும் தொழிலிலிருந்து மீன்தொட்டி வணிகத்துக்கு வந்தவர். பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். 1864இல் ஹாம்பர்க் விலங்குக்காட்சி சாலையின் மீன்காட்சியகத்தையும், 1871இல் இலண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தையும் உருவாக்கினார். நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றுவதற்கு மாறாக, அதே நீரைச் சுற்றிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. காட்சித் தொட்டிகளுக்கு அடியில் இருண்ட, குளிர்ந்த பெரும் நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்தார். நீராவி இயந்திரம் நீரை மேலே ஏற்றும்; அது தொட்டிகளினூடே வழிந்தோடிக் காற்றை அள்ளிக்கொண்டு மீண்டும் நிலத்தடித் தேக்கத்தைச் சேரும்.

இன்று மலேசியாவில் ஒரு மீன் கடைக்குள் நுழைந்து, மேலே தொட்டி, கீழே சம்ப், இடையே வழிநீர்க் குழாய் என்ற அமைப்பைக் காண்கிறீர்கள் என்றால், நீங்கள் காண்பது லாய்டின் கொள்கையைத்தான். வாரிங்டனையும் காஸையும் போற்றும் நூல்கள் லாய்டை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. என் கணிப்பில் மீன்களுக்கு அவரே மிகுதியாக நன்மை செய்தவர்.

இக்கொள்கை ஆசியாவுக்கும் வந்தது. சென்னை மெரினா கடற்கரையில் 1909ஆம் ஆண்டு அரசு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான அது, இந்தியாவிலேயே முதலாவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. சிங்கப்பூரில் 1930இல் மறைந்த வான் கிளீஃப் என்னும் டச்சு வணிகர் தம் செல்வத்தை அந்நகருக்கு விட்டுச்சென்றார். அப்பணத்தில் திட்டமிட்ட மீன்காட்சியகத்தைப் போர் தள்ளிப்போட்டது. இறுதியில் 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் திறக்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்த சிங்கப்பூரர் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போயிருப்பார்கள். 1990களில் மூடப்பட்டு, 1998இல் இடிக்கப்பட்டது.

இவையெல்லாம் அரசும் நகராட்சியும் நடத்தக்கூடியவை. வீட்டில் கடல்மீன் வளர்ப்பது என்பது 1950களில்கூட வெறும் கனவாகவே இருந்தது. உப்புநீர் இரும்புச் சட்டத்தை அரித்தது. அரிப்பில் கரைந்த உலோகம் பவளத்தையும் இறாலையும் கொன்றது. இத்தடையை உடைத்தது மீன் வளர்ப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பொருள்: சிலிக்கோன்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிரடெரிக் கிப்பிங் என்னும் வேதியியலார் நாற்பதாண்டுக் காலம் சிலிக்கன் சேர்மங்களை ஆராய்ந்தார். சிலிக்கோன் என்ற பெயரே அவர் இட்டதுதான். ஆயினும் 1930களின் நடுவில் தாம் ஆற்றிய உரையில், இத்துறையில் பெரிய முன்னேற்றம் விரைவில் வரும் என்ற நம்பிக்கை தமக்கில்லை என்னும் பொருள்பட அவர் பேசினார். அதே காலத்தில் அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ஜேம்ஸ் பிராங்க்ளின் ஹைடு அப்பொருள்களைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பணியில் இறங்கியிருந்தார். 1943இல் டவ் கார்னிங் என்னும் தனி நிறுவனமே தோன்றியது. 1960களில் குழாயிலிருந்து பிதுக்கினால் காற்றின் ஈரத்தில் தானே இறுகும் சிலிக்கோன் பசை மீன்தொட்டி செய்வோர் கைக்கு வந்துசேர்ந்தது. அதன்பின் சட்டமே தேவையில்லை. ஐந்து கண்ணாடித் துண்டுகள், ஒரு குழாய் பசை, தொட்டி தயார். உலோகமும் இல்லை, ஈயமும் இல்லை. இறுகும்போது எழும் புளிக்காடி மணம் அசெட்டிக் அமிலத்தினுடையது. அது தணிந்துவிட்டால் நஞ்சு எதுவும் மிஞ்சுவதில்லை.

அக்காலத்தில் நம் அண்டை நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிருள்ள பாறைகளைக் கொண்டுவந்து தொட்டியில் இட்டு, மெல்லிய காற்றுக்குமிழிகளை மட்டும் விட்டு, பவளங்களை வாழவைத்தார். 1961ஆம் ஆண்டு 'டிராப்பிக்கல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' என்னும் அமெரிக்க இதழில் தம் முறையை எழுதினார். மேலை நாட்டினர் அதன் அருமையை உணரப் பல ஆண்டுகள் ஆயின. பிற்காலத்தில் ஜெர்மானியர் பெர்லின் முறை என்று புகழ்பெறச் செய்ததன் உயிர்நாடி அதே உயிர்ப்பாறைதான்.

வீட்டுத் தொட்டியில் கலிங்குப் பெட்டி பரவியதற்கு உடனடிக் காரணம், 1986ஆம் ஆண்டு 'பிரெஷ்வாட்டர் அண்ட் மரைன் அக்குவேரியம்' இதழில் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர். நெதர்லாந்து நாட்டார் கையாண்ட, நீரைத் துளித்துளியாகச் சொட்டவிட்டு வடிகட்டும் முறையை அவர் அமெரிக்கருக்கு அறிமுகம் செய்தார். அவ்வடிகட்டி தொட்டிக்குக் கீழே அமர்ந்தது. மேலிருந்து நீர் இறங்க வழி வேண்டும். ஆகவே கண்ணாடியில் துளை. லாய்டின் நிலத்தடித் தேக்கம் நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரவேற்பறை அலமாரிக்குள் வந்து அமர்ந்தது என்று சொல்லலாம். இறங்கும் நீர் கழிவறைக் குழாய்போல் ஓசை எழுப்பியதால், 1990களின் இறுதியில் தலையில் காற்றுத்துளை கொண்ட டர்சோ குழாய் முதலிய உத்திகளும் வந்தன. அவற்றை விரித்தால் கட்டுரை நீளும்.

இனி ஒழுகலுக்கு வருவோம். எங்கள் பள்ளி அறிவியல் அறையில் 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள துளையிட்ட தொட்டி ஒன்று உண்டு. ஒருமுறை இரவில் மின்சாரம் தடைபட்டது. மறுநாள் காலை அறை முழுதும் நீர். தொட்டியின் அடியையும் குழாய் இணைப்புகளையும் தடவிப் பார்த்தால் எல்லாம் காய்ந்திருந்தன. "ஐயா, எங்கேயும் ஒழுகவில்லையே, நீர் எப்படி வந்தது?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். சரியான கேள்வி.

கலிங்குப் பெட்டி இரண்டு வகையாகக் கசியும். ஒன்று, துளையில் பொருத்திய இணைப்பு கசிவது. இது வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். மற்றொன்று, பெட்டிக்கும் தொட்டிக் கண்ணாடிக்கும் இடையிலுள்ள பசைப்பொருத்து கசிவது. இதில் நீர் தொட்டிக்குள்ளிருந்து பெட்டிக்குள் போகிறது. வெளியே ஒரு துளியும் வராது. பம்பு ஓடும்வரை எவ்வேறுபாடும் தெரியாது. பற்களின் வழியே வருகிற நீரோடு அடியிலிருந்து கசிகிற நீரும் சேர்ந்து அதே குழாயில் இறங்குகிறது, அவ்வளவே. பம்பு நின்றால்தான் குட்டு வெளிப்படும். நல்ல பெட்டியாக இருந்தால், நீர்மட்டம் பற்களின் அடிவரை இறங்கி நின்றுவிடும். கசியும் பெட்டியாக இருந்தால், உள்ளே நிற்கும் குழாயின் வாய்மட்டம் வரை தொட்டி வடிந்துகொண்டே இருக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள். எங்கள் தொட்டியில் 1 செ.மீ. நீர் என்பது 7.2 லிட்டர். பற்களுக்கும் மேல் நின்ற 3 செ.மீ. மட்டும் வடிந்தால் ஏறத்தாழ 22 லிட்டர். சம்ப் எளிதில் ஏற்றுக்கொள்ளும். குழாயின் வாய் பற்களுக்கு 20 செ.மீ. கீழே இருந்தால் மேலும் 144 லிட்டர் இறங்கும். எந்தச் சம்பும் அவ்வளவு வெற்றிடத்தோடு காத்திருப்பதில்லை. அம்மாணவனையே கரும்பலகையில் இதைப் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். தொட்டியை விற்ற கடைக்காரர் சம்ப் சிறியது என்று சொல்லிப் பெரிய சம்ப் ஒன்றை விற்கப் பார்த்தார். கணக்கு அவருக்கு விடை சொல்லிவிட்டது.

பசைப்பொருத்தை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. பெர்லின் நகர விடுதி ஒன்றின் முகப்பறையில், 2003இல் திறக்கப்பட்ட 'அக்வாடோம்' என்னும் உருளைவடிவத் தொட்டி நின்றது. அக்ரிலிக்கால் ஆனது, ஏறத்தாழ 10 இலட்சம் லிட்டர் உப்புநீர், 1,500 மீன்கள். 2020இல் நீரை வடித்துப் புதுப்பித்தனர். 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன் அது வெடித்துச் சிதறியது. மீன்களில் ஏறத்தாழ எல்லாமே மாண்டன. இருவர் காயமுற்றனர், சில மணி நேரம் கழித்து நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாயுள்ளது. 2023இல் வெளிவந்த வல்லுநர் அறிக்கை உறுதியான ஒற்றைக் காரணத்தைச் சுட்டவில்லை. பசைப்பொருத்து விட்டுக்கொடுத்தது, புதுப்பிக்கும்போது அடிப்பகுதியில் ஏற்பட்ட வெட்டு, நீரின்றி இருந்தபோது அக்ரிலிக் காய்ந்தது என மூன்று வாய்ப்புகளை முன்வைத்தது. மூன்றாவதைப் படித்தபோது எனக்கு அந்த விக்டோரியா காலத்து மக்குதான் நினைவுக்கு வந்தது. பொருள் வேறு, வேதியியலும் வேறு. ஆனால் நிறைந்திருக்கப் பிறந்த தொட்டியைக் காயவிடுவது அன்றும் இன்றும் ஆபத்தாகவே இருக்கிறது.

சரி, எப்படிச் செப்பனிடுவது? முதலில் எவ்வகைக் கசிவு என்று உறுதிசெய்ய வேண்டும். பம்பை நிறுத்தி, நீர்மட்டத்தில் ஒட்டுநாடாவால் குறியிட்டு, சம்ப் நிறையுமுன் வடிகுழாயின் அடைப்பானை மூடிப் பெட்டிக்குள் இருக்கும் நீரைக் குவளையால் சிறிது இறைத்துவிடுங்கள். பெட்டிக்குள் நீர் தானே ஏறினால் குற்றம் பசைப்பொருத்தில். ஏறாமல், வெளியே துளைக்கடியில் வைத்த மெல்லிழைத்தாள் நனைந்தால் குற்றம் இணைப்பில்.

இணைப்பு என்று நான் குறிப்பிடுவதை வன்பொருள் கடைகளில் 'டேங்க் கனெக்டர்' என்பார்கள். மீன் வளர்ப்போர் 'பல்க்ஹெட்' என்பர். கப்பலின் அறைத் தடுப்புச் சுவருக்கு வழங்கும் பெயர் அது. அச்சுவரை ஊடுருவும் குழாய்க்கு ஆகி, இங்கே வந்துசேர்ந்தது. அதன் ஒருபக்கம் அகன்ற தலை, மறுபக்கம் திருகு மறை. ரப்பர் வளையம் தலைப்பக்கத்தில்தான் இருக்கவேண்டும், மறைப்பக்கத்தில் அன்று. மறைப்பக்கம் வைத்தால் நீர் திருகுப் புரிகளின் இடுக்கு வழியே சுற்றிக்கொண்டு வெளியேறிவிடும். மறையைத் திருக்கும்போது வளையமும் முறுக்கிக்கொள்ளும். பழைய வளையத்தில் உப்புப் பொருக்கோ மணலோ இருந்தால் கழுவுங்கள். தட்டையாகிக் கெட்டிருந்தால் மாற்றுங்கள். கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். குறடு கொண்டு முழுவலிமையோடு இறுக்கினால் கண்ணாடி துளையிலிருந்து கீறிப் பிளக்கும். சிலவற்றின் மறை எதிர்த்திசையில் திரும்பும் என்பதையும் அறிந்துகொண்டு கைவைப்பது நலம். ஒழுகும் வளையத்தின்மேல் சிலிக்கோனைப் பூசுவது பலரும் செய்யும் வேலை. அது வளையம் நெருங்கி அமர்வதைக் கெடுக்குமேயன்றி உதவாது.

பசைப்பொருத்து கசிந்தால் வேலை கடினம். மீன்களை வேறிடம் மாற்றி, நீரை வடித்தாக வேண்டும். புதிய சிலிக்கோன், இறுகிய பழைய சிலிக்கோனோடு ஒட்டாது. ஆகவே மேலே பூசுவதில் பயனில்லை. பொருத்தின் பழம்பசை முழுவதையும் சவரத்தகட்டால் சுரண்டி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்து, விரல் படாமல் உலரவிட வேண்டும். தொட்டியின் சுவர்கள் சந்திக்கும் மூலைப் பசையில் தகடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பெட்டியைத் தாங்குவது அன்று, தொட்டியையே தாங்குவது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கோனும் வேண்டா. பெட்டி கண்ணாடியானால் பிடிப்பு உறுதியாக இருக்கும். அக்ரிலிக்கானால் சிலிக்கோன் அதை அவ்வளவாகப் பற்றாது. பல்க்ஹெட்டே பெட்டியைக் கண்ணாடியோடு சேர்த்து நெருக்கிப் பிடிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பசை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமே இறுகும் என்பதால் அவசரம் கூடாது. புளிக்காடி மணம் முற்றும் போகட்டும்.

எங்கள் பள்ளித் தொட்டிக்கு ஒரு வாரம் விட்டோம். அதன்பின் நன்னீர் நிரப்பி, பெட்டியின் உட்புறத்தைக் காலியாக வைத்து, இரண்டு நாள் பார்த்தோம். மாணவர்கள் முறைவைத்துப் பெட்டிக்குள் தாள்துண்டை இட்டு எடுத்தார்கள். தாள் காய்ந்தே வந்தது. பிறகு பம்பை ஓட்டி, வேண்டுமென்றே நிறுத்தினோம். நீர் பற்களின் அடியில் வந்து நின்றது. சம்பின் மேல்விளிம்புக்கு இன்னும் நான்கு விரற்கடை இடம் இருந்தது.